அடையாள அட்டைக் கொப்பி கொடுக்கிறவர்கள் இதை ஒருமுறை வாசியுங்கள்

வவுனியாவில் ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா கடன் இருந்தது. அந்த நிறுவனத்தின் படியை நான் மிதித்ததே இல்லை. வவுனியாவுக்கு நான் போவதே ஆஸ்பத்திரிக்கும் தையல் சாமான் வாங்கவும்தான்.

நான் மல்லாவிப் பக்கம். வீட்டோடு தையல் வேலை. பள்ளிக்கூட உடுப்பு தைக்கும் சீசனுக்கு முன் இன்னொரு ஜூக்கி மெசின் எடுக்கலாம் என்று வங்கியில் கடன் கேட்டேன். பிணைக்கு இரண்டு பேர், கிராம அலுவலரின் கடிதம், எல்லாம் சரியாகக் கொடுத்தாயிற்று. பிறகு கூப்பிட்டு, "அக்கா, உங்கட பேரில ஒரு லோன் அரியர்ஸில கிடக்கு. அதைக் கட்டி முடிச்சிட்டு வாங்கோ" என்றார் அங்கே இருந்த தம்பி. ஆள் மாறிவிட்டது என்று நினைத்து அடையாள அட்டை இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன். என் இலக்கம்தான்.

இந்த விவரம் வங்கிக்கு எங்கிருந்து போகிறது என்று தெரியாதவர்களுக்கு: 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த கொடுகடன் தகவல் பணியகம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. நாங்கள் 'கிறிப்' என்று சொல்வது அதைத்தான். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், தவணை ஒழுங்காக வருகிறதா என்று அங்கே அறிவிக்கின்றன. "கிறிப்பில பேர் விழுந்திட்டுது" என்று ஊரில் கதைப்போமே, அங்கே அப்படிக் கறுப்புப் பட்டியல் ஒன்றும் இல்லை. வெறும் கடன் வரலாறு. அந்த அறிக்கையைத் தன் பெயரில் கேட்டுப் பெற எல்லோருக்கும் உரிமை உண்டு. கடனே வாங்காதவர்களும் எடுத்துப் பாருங்கள் என்பேன். எனக்கு மெசின் ஆசை வந்திருக்காவிட்டால் இந்தக் கடன் இன்னும் எத்தனை வருடம் தெரியாமல் கிடந்திருக்குமோ.

வவுனியாக் கிளைக்குப் போனேன். முதலில் ஃபைலைக் காட்டவே மாட்டோம் என்றார்கள். கடன் என் பெயரில், ஃபைல் பார்க்க எனக்கு அனுமதி இல்லை! சத்தம் போட்ட பிறகு ஒருவர் கொண்டுவந்து மேசையில் வைத்து, நான் தொடாதபடி பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். என் அடையாள அட்டைக் கொப்பிதான். படத்தின் மேல் நெற்றியிலிருந்து நாடி வரை ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். எங்கள் சந்தியில் முன்பிருந்த கொமினிகேசன் கடை மெசினின் கண்ணாடியில் கீறல் இருந்தது. அங்கே எடுத்த கொப்பி எல்லாவற்றிலும் அது விழும். கடை மூடி எவ்வளவோ காலம். அந்தக் கடை இருந்த நேரத்தில், பெண்கள் சிலர் சேர்ந்து எடுக்கும் ஒரு குழுக் கடனுக்குப் பெயர் கொடுக்கக் கொப்பி கேட்டார்கள், கொடுத்தேன். அந்தக் கடன் கடைசியில் சரிவரவில்லை. கொப்பியைத் திருப்பித் தா என்று எங்கள் ஊரில் யார் கேட்கிறார்கள்?

அடுத்த பக்கம் வீடு பார்த்த அறிக்கை. 'ஓட்டு வீடு, பலசரக்குக் கடை நடத்துகிறார்' என்று எழுதியிருந்தது. என் வீடு தகரக் கூரை. கடை இல்லை. விண்ணப்பத்தில் இருந்த தொலைபேசி இலக்கமும் என்னுடையது இல்லை. கையெழுத்து மட்டும் என்னுடையதைப் போலவே, சொல்லப்போனால் என்னுடையதை விட வடிவாக இருந்தது. கொப்பியின் கீழே நான் போட்டிருந்த கையெழுத்தைப் பார்த்து எழுதிப் பழகியிருக்க வேண்டும். ஆளைப் பார்க்காமல், வீட்டைப் பார்க்காமல், பார்த்ததாக எழுதிக் காசு கொடுத்தவர் அந்தக் கிளையில் வேலை செய்தவர்தானே என்று கேட்டதற்கு, "அவர் இப்ப இஞ்ச இல்லை" என்பதுதான் பதில்.

அதற்குப் பிறகு சொன்னதைக் கவனியுங்கள். "தங்கச்சி, ஒரு தவணையை மட்டும் கட்டிவிடுங்கோ. மிச்சத்தை நாங்கள் மேலிடத்தில கதைச்சு எடுத்துவிடுறம்." கேட்க நல்லாத்தான் இருக்கும். கட்டக் கூடாது. ஒரு ரூபா கட்டினாலும் கடன் உங்களுடையது என்று நீங்களே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சியாகிவிடும். 'விளக்கம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய ஒரு தாளிலும் கையெழுத்துக் கேட்டார்கள். போடவில்லை.

வன்னியில் இது ஏன் இவ்வளவு சுலபம் என்று யோசித்தால் எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும். 2009இல் யுத்தத்துக்குள்ளிருந்து ஓமந்தை தாண்டி மெனிக் பாம் முகாமுக்குப் போனபோது முதலில் கேட்டது அடையாள அட்டை. தொலைத்தவர்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். மீள்குடியேறிய பிறகு தகரத்துக்கு ஒரு கொப்பி, விதைநெல்லுக்கு ஒரு கொப்பி, கோழிக்குஞ்சுக்கு ஒரு கொப்பி, இந்திய வீட்டுத்திட்டத்துக்கு ஒரு கட்டு. அப்புறம் நுண்நிதிக் கம்பனிகள் வாசலுக்கே வந்தன. 2023இல் அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம். கேட்டால் கொடுப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. ஏன் என்று கேட்டால் பட்டியலில் பெயர் வராது என்ற பயம் வேறு. கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கியவர்கள் அந்தக் கட்டுகளை என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அது எங்கள் சந்திக் கடைக் குப்பைக்கூடை வரை வந்து சேரும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை.

அடையாள அட்டை இலக்கமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். 1988 பெப்ரவரி 1இல் பிறந்த ஆணுக்குப் பழைய இலக்கம் 88032 என்று தொடங்கும். முதல் இரண்டும் வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அந்த நாளோடு 500ஐக் கூட்டுவார்கள், 88532. 2016இலிருந்து வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், வருடம் முழுதாக 1988 என்று இருக்கும். இலக்கம் கையில் இருந்தால் பிறந்த திகதியும் கையில் இருக்கிறது. தொலைபேசியில் ஆளை உறுதிப்படுத்த எத்தனை இடத்தில் பிறந்த திகதியைக் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அட்டை தொலைந்து புதிதாக எடுத்தாலும் இலக்கம் மாறாது. பழையது 12 இலக்கமாக நீளும், அவ்வளவுதான். எங்காவது தேடச் சொன்னால் இரண்டு வடிவத்திலும் தேடச் சொல்லுங்கள்.

இப்போது நான் கொப்பி கொடுக்கும் விதம் இது. படத்தையும் இலக்கத்தையும் தொட்டுக்கொண்டு குறுக்கே, நீலப் பேனையால், 'இன்ன வங்கியின் இன்ன கடன் விண்ணப்பத்துக்கு மட்டும்' என்று எழுதித் திகதி போடுவேன். ஓரத்தில் எழுதினால் தாளை மடித்து மறைத்து மறுகொப்பி எடுத்துவிடலாம். நீல மை எதற்கென்றால், சாதாரண மெசினில் மறுகொப்பி எடுத்தால் எழுத்துக் கறுப்பாக விழும், மூலம் எது என்று தெரியும். ஓர் அலுவலகத்தில் "இப்படிக் கிறுக்கினால் எடுக்க மாட்டம்" என்றார்கள். எடுக்கக் கூடாது என்ற சுற்றறிக்கையைக் காட்டுங்கள் என்றேன். எடுத்தார்கள்.

வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அட்டையை நேரே படம் பிடிக்காமல், குறுக்கே எழுதிய கொப்பியைப் படம் பிடித்து அனுப்புங்கள். பிரிண்ட் எடுக்கவென்று கடைக்காரரின் ஃபோனுக்கு அட்டைப் படத்தை அனுப்புகிறோமே, அது அந்த ஃபோனிலேயே தங்கிவிடும். உங்கள் பக்கத்தில் அழித்தால் போதாது. முன்னால் நின்று அவர் கலரியிலிருந்தும் அழிப்பித்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்த ஃபோனை அவருடைய கடைப் பொடியன்களும்தான் எடுக்கிறார்கள்.

என் விஷயத்தில் நடந்த இன்னொன்று: விண்ணப்பத்தில் இருந்த இலக்கத்தின் சிம்மும் என் அடையாள அட்டையிலேயே பதிவாகியிருந்தது. தொலைபேசிக் கம்பனியின் சேவை நிலையத்துக்கு நேரே போய் என் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று கேட்டபோதுதான் தெரிந்தது. ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போயிருக்கும். எழுத்தில் கொடுத்துத் துண்டிக்கச் செய்தேன். துண்டிக்கும் முன் அது எப்போது, எந்த முகவரிடம் பதிவானது என்று கேட்டு எழுதி வையுங்கள், பொலிஸுக்குத் தேவைப்படும். றோட்டோரம் குடை பிடித்துச் சிம் விற்பவர்களிடம் அட்டையைப் படம் பிடிக்கக் கொடுத்தவர்கள் ஒரு கம்பனியோடு நிற்காமல் எல்லாக் கம்பனியிலும் கேளுங்கள்.

மீள்வதற்குப் பட்ட பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். முதலில் பொலிஸ் முறைப்பாடு. தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. வாசித்துப் பார்த்துவிட்டே கையெழுத்து. என்னுடைய முறைப்பாட்டில் முதலில் 'அடையாள அட்டை தொலைந்தது' என்று எழுதிவிட்டார்கள். தொலையவில்லை, பிறர் என் பெயரில் கடன் எடுத்திருக்கிறார்கள் என்று மாற்றி எழுதுவிக்கப் பாதி நாள் போனது. அந்த மாற்றம் இல்லாவிட்டால் அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை.

பிறகு நிதி நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம். கடன் என்னுடையதல்ல, விண்ணப்பத்தின் பிரதியும் வீடு பார்த்த அறிக்கையும் வேண்டும், கிறிப்புக்கு அனுப்பிய விவரத்தைத் திருத்துங்கள் என்று. கிறிப்பில் இருப்பதைத் திருத்த வேண்டியது அதை அறிவித்த நிறுவனம்தான். பணியகத்துக்கும் மறுப்புத் தெரிவித்து எழுதலாம், நான் எழுதினேன். கிளையில் வாயால் சொன்னது எதுவும் நின்று பிடிக்காது. கடிதத்தைக் கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் முத்திரையும் திகதியும் குத்துவித்துக்கொண்டு வாருங்கள்.

பதில் வராமல் இழுத்ததால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்குப் போனேன், 1935 என்ற தொலைபேசி இலக்கம். நிறுவனத்துக்கு முதலில் எழுதினீர்களா என்றுதான் அங்கே கேட்கிறார்கள். பதிவுத் தபால் துண்டு அங்கே கைகொடுத்தது. அதற்குப் பிறகு நிறுவனத்தின் குரலே மாறியது. 'தங்கச்சி' போய் 'மிஸ்' வந்தது. கடைசியில் அந்தக் கடனுக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று கடிதம் தந்தார்கள், அறிக்கையும் திருந்தியது. ஒன்று நினைவிருக்கட்டும்: மத்திய வங்கியின் அனுமதி இல்லாமல் வட்டிக்குக் கொடுப்பவர்களிடம் உங்கள் பெயரில் இப்படி நடந்தால் அந்தத் திணைக்களம் தலையிடாது. பொலிஸும் நீதிமன்றமும்தான் வழி. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஃபேஸ்புக், வட்ஸ்அப் கணக்கைப் பிடித்தெடுத்துக் காசு கேட்கிறார்கள் என்றால் இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான சேர்ட்டின் 101க்கு அழையுங்கள்.

இதற்கிடையில் 'கிறிப் கிளியர் பண்ணித் தரப்படும்' என்று ஒருவர் வந்தார். இருபத்தைந்தாயிரம் முற்பணமாம், கூடவே அடையாள அட்டைக் கொப்பியும் வங்கிக் கணக்கு இலக்கமும் வேண்டுமாம். காசு கொடுத்து அழிக்கிற விஷயம் அது இல்லை. கொப்பி கேட்ட இடத்திலேயே எழும்பி வந்துவிட்டேன்.

வங்கிக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். "வெளிநாட்டில இருந்து ஒரு காசு வருது, உங்கட கணக்குக்குப் போடுறன், எடுத்துத் தந்தா அஞ்சாயிரம் உங்களுக்கு" என்று கேட்டுத் திரிகிறார்கள். வங்கி வழியாக வராத வெளிநாட்டுக் காசு, 'உண்டியல் காசு', ஆள் மாறி ஆள் கையில் வந்து பழகிய ஊர் என்பதால் இங்கே யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. வருவது எங்கோ ஏமாற்றி எடுத்த காசாக இருந்தால் கணக்கு முடங்கும், பொலிஸ் தேடி வருவது உங்களை. ஏடிஎம் காட்டையும் பின் இலக்கத்தையும் மச்சான் முறையானாலும் கொடுக்காதீர்கள்.

என் கடனை எடுத்தது யார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. நிரூபிக்க முடியாததால் எழுதவில்லை. விசாரணை இன்னும் நடக்கிறது. அந்தக் குழுக் கடனுக்கு என்னோடு கொப்பி கொடுத்த இன்னோர் அக்காவின் பெயரிலும் அதே கிளையில் கடன் இருப்பது இப்போது தெரியவந்திருக்கிறது, அவரும் முறைப்பாடு கொடுத்துவிட்டார். மல்லாவி, துணுக்காய், மாங்குளம் பக்கம் அந்தக் காலத்தில் குழுக் கடனுக்குப் பெயர் கொடுத்துக் கடன் கிடைக்காமல் போனவர்கள் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வாங்காத கடன் இருந்தால் நீங்களும் முறைப்பாடு கொடுத்து, இதே விசாரணையோடு சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.