புதையல் புதிர்ப் பெட்டி: வாங்கலாமா?

பெட்டியில் வரும் வெட்டுப்படத்தை (ஜிக்சா புதிரை) அடுக்கி முடித்தால், அதில் ஒளிந்திருக்கும் குறிப்புகள் புதையலுக்கு, அதாவது பரிசுக்கு வழிகாட்டும். ஆசை காட்டும் பெட்டிதான். ஆனால் ஆர்டர் போடுமுன் பரிசின் கெடுவைப் பாருங்கள். 2007-ல் வந்த எடர்னிட்டி 2 புதிருக்கு 256 துண்டுகள், 20 லட்சம் டாலர் பரிசு. 2010 இறுதியில் கெடு முடிந்தது. முழு விடையோடு யாரும் வரவில்லை. முந்தைய எடர்னிட்டியின் 209 துண்டுகளையோ 2000-லேயே இருவர் கணினி உதவியோடு அடுக்கி, 10 லட்சம் பவுண்டு பெற்றுவிட்டார்கள். அதன்பின் அந்தப் பெட்டி வெறும் பொழுதுபோக்கு.

புதையல் வெளிநாட்டு மண்ணில் என்றால் காட்பாடியிலிருந்து கிளம்பிப் போய்த் தோண்ட முடியுமா? விடையை இணையத்தில் அனுப்பினால் போதும் என்கிற வகையே நமக்குச் சரி. இந்தியர் பங்கேற்கலாமா என்பதையும் விதிமுறையில் தேடுங்கள். பரிசுப் பணத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு.

பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். துண்டுகளை நூறு நூறாக எண்ணித் தட்டுகளில் வையுங்கள். சாதாரணப் படத்தில் ஒரு துண்டு குறைந்தால் ஓட்டைதான். இதில் குறிப்பே போய்விடும். 1000 துண்டுப் படம் ஏறக்குறைய 70க்கு 50 செ.மீ. வரும். 80க்கு 60 பிளைவுட் பலகை ஒன்று அறுத்து வாங்கிக்கொண்டால் கட்டிலுக்கடியில் தள்ளிவைக்கலாம். முடித்ததும் பசை தடவாதீர்கள், பின்பக்கத்திலும் குறிப்பு இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அட்டை உப்பி, துண்டுகள் இறுகும். மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.