பழைய லேப்டாப்பில் படத் திருத்தம்: 4கே மானிட்டரா, கியூஎச்டி மானிட்டரா?

மதுரையில் திருமண ஆல்பம் செய்கிறவர்களும், சித்திரைத் திருவிழாவையும் அலங்காநல்லூர் வாடிவாசலையும் ஆர்வத்துக்காகப் படமெடுக்கிறவர்களும் கேமராவை மாற்றும் வேகத்தில் லேப்டாப்பை மாற்றுவதில்லை. 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தை, 1366×768 திரையில், அதாவது ஏறத்தாழ ஒரு மெகாபிக்சல் அளவுள்ள சாளரத்தின் வழியே பார்த்துத் திருத்துகிறவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். புது லேப்டாப் வாங்காமல் வெளியே ஒரு நல்ல மானிட்டரை மாட்டிக்கொள்வது அவர்களுக்கு எளிய வழிதான். ஆனால் 27 அங்குலத்தில் 4கே வாங்குவதா, கியூஎச்டி வாங்குவதா என்ற கேள்விக்கு விடை மானிட்டரின் அட்டைப்பெட்டியில் இல்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் உள்ள துளைகளில் இருக்கிறது.

4கே என்பது 3840×2160, சுமார் 83 லட்சம் பிக்சல்கள். கியூஎச்டி என்பது 2560×1440, சுமார் 37 லட்சம். படம் நொடிக்கு 60 முறை (60 ஹெர்ட்ஸ்), பிக்சலுக்கு 24 பிட் என்று கணக்கிட்டால், 4கே படத்தை அனுப்ப நொடிக்கு ஏறத்தாழ 11.9 ஜிகாபிட்டும், கியூஎச்டிக்கு 5.3 ஜிகாபிட்டும் தேவை. 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 சுமக்கக்கூடிய படத் தரவு நொடிக்கு 8.16 ஜிகாபிட் மட்டுமே. ஆகவே அந்தத் துளை வழியே கியூஎச்டி 60 ஹெர்ட்ஸில் தாராளமாகப் போகும். 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 4கே-யை 60 ஹெர்ட்ஸில் அனுப்பும் எச்டிஎம்ஐ 2.0 தரநிலை 2013இலேயே வந்துவிட்டது என்றாலும், இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் சிப்புகளில்கூட உள்ளமைந்த கிராபிக்ஸ் நேரடியாகத் தருவது எச்டிஎம்ஐ 1.4தான், தயாரிப்பாளர் தனியாக ஒரு மாற்றுச் சிப்பைப் பொருத்தியிருந்தால் மட்டுமே 2.0 கிடைக்கும். கடைக்காரர் “4கே வரும் சார்” என்று சொல்வது பொய்யன்று. எத்தனை ஹெர்ட்ஸில் வரும் என்பதைத்தான் அவர் சொல்லாமல் விடுகிறார்.

எச்டிஎம்ஐ போலவே மானிட்டரை இணைக்கும் இன்னொரு வகைத் துளையான டிஸ்ப்ளேபோர்ட் 1.2 உள்ள லேப்டாப்பின் கதை வேறு. அது 17.28 ஜிகாபிட் வரை சுமப்பதால் 4கே-யும் 60 ஹெர்ட்ஸும் சேர்ந்தே கிடைக்கின்றன. அலுவலகங்களில் ஓடிக் கழிந்து, சீர்செய்யப்பட்டு விற்பனைக்கு வரும் வணிக ரக லேப்டாப்களில் இந்தத் துளை பெரும்பாலும் இருக்கும்: திங்க்பேட் டி460, டெல் லாட்டிட்யூட் இ7470 ஆகியவற்றில் மினி டிஸ்ப்ளேபோர்ட்டும், எச்பி எலைட்புக் 840 ஜி3-இல் முழு அளவு டிஸ்ப்ளேபோர்ட்டும் உள்ளன. இவை மூன்றும் இன்டெல் ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தவை என்பதால் கவலையில்லை. மூன்றாம் தலைமுறை என்றால் துளை இருந்தாலும் 2560×1600 தான் உச்சம். நான்காம், ஐந்தாம் தலைமுறைகளில் சிப்புக்குச் சிப்பு வேறுபடும். பிராசசரின் முழு எண்ணைக் குறித்துக்கொண்டு, இன்டெல் தளத்தில் அதற்குரிய டிஸ்ப்ளேபோர்ட் உச்ச அளவைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு மேக்புக் ப்ரோவில் இந்த வேறுபாடு ஒரே கருவியிலேயே தெரியும்: அதன் எச்டிஎம்ஐயில் 4கே 30 ஹெர்ட்ஸில் வரும், தண்டர்போல்ட் 2 துளையில் 60 ஹெர்ட்ஸில் வரும்.

நிலைப்படத்துக்கு 30 ஹெர்ட்ஸ் போதாதா என்பது நியாயமான கேள்வி. அசையாத படத்தின் நிறமோ கூர்மையோ 30 ஹெர்ட்ஸில் சிறிதும் குறைவதில்லை என்பதால், படங்களைத் தேர்ந்து கழிப்பது, வெளிச்சம் கூட்டுவது, வெள்ளைச் சமநிலை சரிசெய்வது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறவருக்கு அது போதும். குறை தெரிவது கை அசையும்போதுதான். ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 33 மில்லிநொடி இடைவெளி இருப்பதால், மவுஸ் குறி கையின் பின்னால் இழுபடுகிறது. மணப்பெண்ணின் முகத்தில் பருத் தழும்பை நீக்க ஹீலிங் பிரஷ்ஷை நகர்த்தும்போதும், முடியோரத்தில் மாஸ்க் வரையும்போதும் கோடு நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும். திருமண ஆல்ப வேலையில் பாதிக்குமேல் இந்த நுண்திருத்தம்தான் என்பதால், அத்தகையவர்களுக்கு 30 ஹெர்ட்ஸ் 4கே-யை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. சில என்விடியா கிராபிக்ஸ் சிப்புகள் எச்டிஎம்ஐ 1.4 வழியாகவே 4கே-யை 60 ஹெர்ட்ஸில் காட்டிவிடும். வண்ணத் தகவலை நான்கில் ஒரு பங்காகக் குறைத்து, 4:2:0 என்னும் முறையில் அனுப்பித்தான் அதைச் சாதிக்கும். திரைப்படம் பார்க்கும்போது அந்தக் குறை தெரியாது. கரும் பின்னணியில் சிவப்பு எழுத்தையோ, சுங்குடிச் சேலையின் சிறுசிறு புள்ளிகளையோ பார்த்தால் ஓரங்கள் கசிந்து தெரியும். படத்திருத்தத்துக்கு அந்த 60 ஹெர்ட்ஸைவிட முழு வண்ணத்தோடு வரும் 30 ஹெர்ட்ஸே மேல்.

இனி கியூஎச்டியின் பக்கம். 12×36 அங்குல ஆல்ப விரிப்பு 300 டிபிஐயில் 10,800 பிக்சல் அகலம். 4கே திரையில் அதை 35 விழுக்காட்டில் முழுதாகப் பார்க்கலாம். கியூஎச்டியில் 24 விழுக்காட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். இந்த இடத்தில் 4கே-யின் மேன்மை மறுக்க முடியாதது. ஆனால் அந்தப் பிக்சல்களைச் சுமப்பது பழைய லேப்டாப். படத்திருத்த மென்பொருளான லைட்ரூமின் டெவலப் பகுதி திரையின் அளவுக்கேற்பப் படத்தை வரைகிறது என்பதால், திரை பெரிதாக ஆக ஸ்லைடரை நகர்த்தியபின் படம் மாறுவதற்கான காத்திருப்பும் நீளும். மூலப் படத்துக்குப் பதிலாக லைட்ரூம் உருவாக்கித் தரும் சிறிய பிரதியான ஸ்மார்ட் ப்ரிவியூவை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், அதன் நீளப்பக்கம் 2540 பிக்சல் மட்டுமே. கியூஎச்டி திரைக்கு அது ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. 4கே-யை அது நிரப்பாது. இரண்டு ராம் துளைகளில் ஒன்று காலியாகக் கிடந்தால், மானிட்டர் வாங்குமுன் அதை நிரப்புவது நல்லது. உள்ளமைந்த கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் பங்கிட்டுக்கொள்கிறது.

பிக்சல் அடர்த்தியும் கவனிக்கத்தக்கது. 27 அங்குல 4கே திரையில் அங்குலத்துக்கு 163 பிக்சல், கியூஎச்டியில் 109. அடர்ந்த திரையில் படம் 100 விழுக்காட்டிலும் மிருதுவாகவே கண்ணுக்குத் தோன்றுவதால், ஷார்ப்பனிங்கைக் கூட்டிவிடும் ஆசை வரும். ஆல்பம் அச்சாகி வந்தபின்தான் முகத்தின் தோல் மணல்போலத் தெரியும். பழைய போட்டோஷாப் பதிப்பை விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: விண்டோஸில் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் அடர்த்திக்கேற்பக் கருவிப்பட்டியைப் பெரிதாக்குவதில்லை, ஆகவே 4கே-யில் ஐகான்களைக் கண்ணைச் சுருக்கித்தான் தேட வேண்டியிருக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை பிக்சல் எண்ணிக்கைக்குப் பங்கே இல்லை. மலிவான பழைய லேப்டாப்களின் டிஎன் வகைத் திரை, எஸ்ஆர்ஜிபி என்னும் பொதுவழக்கு வண்ணவெளியில் (காட்டக்கூடிய நிறங்களின் வரம்பில்) ஒரு பகுதியைத்தான் காட்டும். தலையைச் சற்றுச் சாய்த்தாலே நிழலின் அடர்த்தி மாறும். எஸ்ஆர்ஜிபியை 99 விழுக்காடு காட்டும் சாதாரண ஐபிஎஸ் வகைத் திரையுள்ள மானிட்டரை வைத்தாலே, ஆற்றில் இறங்கும் அழகரின் பச்சைப் பட்டு முதன்முறையாகப் பச்சையாகத் தெரியும். அதற்கு மேல் அடோபி ஆர்ஜிபி, பி3 என்று அகன்ற வண்ணவெளிக்குப் பணம் கொடுப்பது, எஸ்ஆர்ஜிபி ஜேபெக் கோப்புகளையே கேட்கும் ஆல்ப லேப்களுக்கு வேலை அனுப்புகிறவருக்கு வீண். போதாக்குறைக்கு, வண்ண மேலாண்மை தெரியாத மென்பொருளில் அதே பச்சை கண்ணைப் பறிக்கும், முகங்களும் சிவந்து தெரியும். 4கே-க்கும் கியூஎச்டிக்கும் உள்ள விலை வேறுபாட்டை திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் ஒரு கலர் கலிப்ரேட்டருக்குச் செலவிட்டால் அச்சில் பலன் கிடைக்கும்.

எச்டிஎம்ஐயில் கருமை வெளிறித் தெரிந்தால் மானிட்டரைக் குறை சொல்லுமுன் கிராபிக்ஸ் அமைப்பில் குவான்டைசேஷன் ரேஞ்ச் என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். 1080பி, 4கே ஆகியவை தொலைக்காட்சி அளவுகள் என்பதால் சில டிரைவர்கள் கருப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை 0 முதல் 255 வரைக்குப் பதில் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பிவிடும். அதை ஃபுல் என்று மாற்ற வேண்டும். கியூஎச்டி கணினி அளவு என்பதால் பொதுவாக இந்தச் சிக்கலில் மாட்டுவதில்லை.

டிஸ்ப்ளேபோர்ட் இல்லாதவர்களுக்குக் காட்டப்படும் இன்னொரு வழி, யுஎஸ்பி 3.0 வழியே இயங்கும் டிஸ்ப்ளேலிங்க் அடாப்டர். கணக்குப் போட்டு அறிக்கை அடிப்பவருக்கு அது நல்ல கருவி. படத்திருத்தத்துக்கு நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்: திரையில் மாறும் ஒவ்வொன்றையும் பிராசசரே சுருக்கி அனுப்ப வேண்டியிருப்பதால், லைட்ரூமுக்குப் போக வேண்டிய திறனை அது பிடுங்கிக்கொள்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அறையில், ஏற்கெனவே விசிறி அலறிக்கொண்டிருக்கும் லேப்டாப் அந்தக் கூடுதல் சூட்டில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சிப், டிரைவர் ஆகியவற்றின் பதிப்பைப் பொறுத்துக் கலிப்ரேஷன் ஒழுங்காக ஏறாமல் போவதும் உண்டு. விஜிஏ துளையைப் பற்றி ஒரு வரி போதும்: அதை மறந்துவிடலாம்.

ஆக, எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்புக்கு ஐபிஎஸ் கியூஎச்டி. ஆறாம் தலைமுறையும் டிஸ்ப்ளேபோர்ட்டும் உள்ளதற்கு, லைட்ரூமின் தாமதத்தைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால் 4கே. பின்னதற்கு மினி டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்கே போகும் கேபிளை வாங்குங்கள். மலிவான எச்டிஎம்ஐ மாற்றி ஒன்றை இடையில் செருகினால் மறுபடி 30 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். டவுன் ஹால் ரோடோ பைபாஸ் ரோடோ, எந்தக் கடைக்குப் போனாலும் லேப்டாப்பையும் கேபிளையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்து, விண்டோஸின் மேம்பட்ட டிஸ்ப்ளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸ், 8 பிட், ஆர்ஜிபி என்ற மூன்றும் தெரிகின்றனவா என்று உறுதிசெய்த பிறகு பில் போடச் சொல்லுங்கள்.