உப்புக்காற்றில் ஒரு க்ளைம்பிங் சுவர்: மூன்று வாடைக்குப் பிறகு

பாறை ஏறிப் பழக வீட்டிலேயே க்ளைம்பிங் சுவர் கட்டுவது எப்படி என்று சொல்லும் வீடியோக்கள் ஏகப்பட்டது கிடைக்கின்றன. பலகை எத்தனை கிலோ தாங்கும், எத்தனை டிகிரி சாய்க்கலாம் என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில், வடகடலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருப்பவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் இரண்டாம்பட்சம். இங்கே சுவரை ஆள் எடை ஒன்றும் செய்யாது, உப்புதான் தின்னும். என் சுவர் மூன்றாவது வாடைக்காற்றையும் பார்த்துவிட்டது. எதில் காசைக் கொட்ட வேண்டும், எதில் தாராளமாகக் கஞ்சத்தனம் பண்ணலாம் என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

நம் மாவட்டம் தட்டையாகக் கிடக்கிற பூமி. பெங்களூரில் வேலை பார்த்தபோது கண்டீரவா மைதானத்துச் சுவரில் பழகி, லீவு கிடைத்தால் பாதாமி மணற்கல் பாறைகளுக்கு ஓடிக்கொண்டிருந்த எனக்கு, ஊர் திரும்பியதும் ஏற ஒன்றுமில்லை. உயரம் என்று சொல்ல ராமேஸ்வரத்துக் கெந்தமாதன பர்வதம் இருக்கிறது. பெயர்தான் பர்வதம், ஏறிப் பார்த்தால் மணல்மேடு.

வைத்திருப்பது சின்னச் சுவர்தான். 8க்கு 4 அடி ப்ளைவுட் இரண்டு, பக்கத்தில் பக்கமாக, 30 டிகிரி முன்னால் சாய்த்து. 8 அடிப் பலகையை 30 டிகிரி சாய்த்தால் உயரம் 7 அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும், மேல் விளிம்பு 4 அடி முன்னால் வந்து நிற்கும். அடியில் கால் வைக்க ஓர் அடிப் பலகையை நேராக நிறுத்தியிருக்கிறேன். எல்லாம் சேர்த்து 8 அடிக்குள் அடங்குவதால் பின்பக்கத் தாழ்வாரமே போதும். செங்குத்துச் சுவர் வேண்டாமா என்று கேட்பார்கள். இவ்வளவு குறைந்த உயரத்தில் செங்குத்துச் சுவர் ஒரு வாரத்தில் சலித்துவிடும். சாய்த்தால் அதே 8 அடியில் நாக்குத் தள்ளிவிடும்.

பலகையைத் தாங்கும் சட்டத்துக்கு முதலில் எல்லோரும் சொன்னது இரும்பு பாக்ஸ் பைப். வெல்டிங் அடித்தால் ஒரே நாளில் முடியும், விலையும் கம்மி. ஆனால் பைப்புக்கு வெளியேதான் பெயிண்ட் அடிக்க முடியும், உள்ளே யார் அடிப்பது? துரு உள்ளிருந்து அரித்துக்கொண்டு வந்து, வெளியே பொட்டுத் தெரியும்போது தகடு காகிதமாகியிருக்கும். காங்கிரீட் தளத்தில் ஆங்கர் போட்டுத் தொங்கவிடுவதும் எனக்கு ஒப்பவில்லை. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் தளத்துக் கம்பி துருவேறிப் பருத்து, சிமெண்டைப் பெயர்த்துத் தள்ளியிருப்பதை அண்ணாந்து பார்த்தாலே தெரியும். அதனால் தானே நிற்கிற மாதிரி மரச்சட்டம். காரைக்குடிப் பக்கம் வீடு இடித்த மரம் விற்கும் கடைகளில் 4க்கு 2 அங்குலச் சட்டங்கள் பொறுக்கினால் புது மர விலையில் பாதிக்கு வரும். ஆணியைப் பிடுங்குவதுதான் தண்டனை. ஆசாரி அண்ணன் ஒவ்வொரு சட்டத்தையும் தட்டிப் பார்த்து, சத்தம் மொத்தையாகக் கேட்டதை ஒதுக்கிவிட்டார். மூன்று வாடையில் சட்டம் ஒரு நூல்கூட அசையவில்லை.

ப்ளைவுட்டில் மிச்சம் பிடிக்கவே கூடாது. 18 மி.மீ. கனத்தில், ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை வாங்குங்கள். அதையும் அப்படியே மாட்டிவிடாமல், அறுத்த விளிம்புகளுக்கும் துளையிட்ட ஒவ்வொரு ஓட்டையின் உள்பக்கத்துக்கும் பைபர் படகுக்குப் பூசும் ரெசினை ஒரு கோட் கொடுத்தேன். பலகையின் முகம் வழியாக ஈரம் ஏறுவது கம்மி, ஓட்டை வழியாகத்தான் ஏறும். சுவரிலோ நூற்றுக்கணக்கில் ஓட்டை.

அந்த ஓட்டைக்குள் உட்காரும் டி-நட்டுதான் இந்தக் கதையின் வில்லன். பலகையின் பின்பக்கம் பல்லால் கடித்துக்கொண்டு நிற்கும் சின்ன நட்டு. முன்னாலிருந்து 10 மி.மீ. போல்ட்டை விட்டு, கைகால் வைத்து ஏறும் பிடிகளை முடுக்குவோம். இந்தக் காற்றில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருவை ஆராய மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை, பாம்பன் பாலத்துக்காரர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். காசு பற்றாமல் ஒரு பலகைக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டு போட்டு, மற்றதற்கு ஜிங்க் பூசிய சாதாரண நட்டு அடித்தேன். முதல் வாடை முடியும்போதே ஜிங்க் நட்டுகளில் வெள்ளைப் பொடி பூத்தது, அடுத்த கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்துக்குள் செம்மண் நிறம் வந்துவிட்டது. துருவேறிய நட்டில் போல்ட் இறுகிக்கொள்ளும். நாம் வேகமாகத் திருகினால் நட்டு மரத்தைப் பிய்த்துக்கொண்டு பின்னால் சும்மா சுற்றும், போல்ட் வெளியே வரவே வராது. சட்டத்துக்குப் பின்னால் ஆள் நுழையும் அளவு இடம் விட்டிருந்ததால் பிழைத்தேன்: ஒருவர் பின்னால் பிளையரால் பிடிக்க, ஒருவர் முன்னால் திருக வேண்டும். சுவரை வீட்டுச் சுவரோடு ஒட்டிவைப்பவர்கள் இந்த இடத்தை மறக்காதீர்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸிலும் ஒரு வில்லங்கம் உண்டு. ஸ்டெயின்லெஸ் நட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் காய்ந்த நிலையில் முடுக்கினால், துருவே இல்லாமல் இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். படகு எஞ்சினுக்குத் தடவுகிற மரைன் கிரீஸ் ஒரு விரல் தொட்டுப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. 304 ரகத்தில் தேநீர்க் கறை போல மேலாகப் பழுப்பு படியும், அது அழகுக்குத்தான் கேடு. 316 ரகம் இன்னும் நல்லது, ஆனால் விலை கேட்டால் தலை சுற்றும். என் அனுபவத்தில் 304 போதும்.

சரி, எங்கே மிச்சம் பிடித்தேன்? பிடிகளில். கடையில் ஒரு செட் வாங்கும் காசுக்கு இங்கே பாதிச் சுவரே கட்டிவிடலாம். பாலியெஸ்டர் ரெசினும் மணலும் கலந்து பிடி வார்ப்பது உலகம் முழுக்க இருந்த பழைய முறை. நம் கரையிலோ பைபர் படகு ஒட்டும் பட்டறைகளில் அதே ரெசின்தான் டின் டின்னாக நிற்கிறது. பட்டறை அண்ணனிடம் களிமண்ணில் செய்த உருவத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்ன தம்பி, கடிச்சுப் போட்ட முறுக்கு மாதிரி இருக்கு” என்றார். ஆனாலும் வார்த்துக் கொடுத்தார். கடல்மணல் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மணலில் ஈரமும் உப்பும் இருந்தால் ரெசின் சரியாக இறுகாது. கழுவிக் காயவைத்த ஆற்றுமணல்தான். கனமான வார்ப்பு என்பதால் ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டைக் குறைத்து விடவேண்டும், அதிகமானால் சூடேறி விரிசல் விடும். கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும், அதனால் இதை வீட்டில் முயலாதீர்கள், பட்டறைக்காரர் கையாலேயே செய்யவிடுங்கள். போல்ட் தலை உட்காரும் இடத்தில் வாஷர் வைத்து வார்த்தவை எல்லாம் இன்றும் இருக்கின்றன. வாஷர் வைக்காதவற்றில் சில, முடுக்கும்போதே இரண்டாகப் பிளந்தன.

மிச்சப் பிடிகள் பூவரசங்கட்டை. வள்ளம் கட்டுகிற இடத்தில் விழும் துண்டுகளை இழைத்து, விளிம்பை மழுக்கி, மர ஸ்குரூவால் அடித்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்குப் பிடித்தது இவைதான். ரெசின் பிடி தோலை உரிக்கும், மரம் உரிக்காது. வார்னிஷ் மட்டும் அடிக்கவே கூடாது, வழுக்கும்.

கீழே விழுவதற்கு மெத்தை வேண்டும், அதில் விளையாட்டு கிடையாது. மேலே அழுத்தமான ஃபோம், கீழே மெத்தென்று அமுங்கும் கனமான அடுக்கு, இதுதான் முறை. கீழடுக்குக்குப் பழைய நைலான் வலைகளைச் சாக்கில் திணித்து நெருக்கமாக அடுக்கினேன். வலையில் மிச்சமிருக்கும் ஈயக்குண்டையும் மிதவையையும் ஒன்றுவிடாமல் அறுத்தெடுக்க வேண்டும், ஒரு குண்டு இருந்தாலும் இடுப்புக்குத் தெரியும். நாற்றம்? நன்னீரில் அலசி வெயிலில் போட்டும் முதல் மாதம் பூனைகள் வந்து படுத்துக்கொண்டன. அப்புறம் போய்விட்டது. சாக்குகள் இடைவெளி விட்டுக்கொள்வதுதான் உண்மையான குறை. கால் அந்தச் சந்தில் மாட்டினால் கணுக்கால் போச்சு. மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டியபின் சரியாயிற்று.

ஏறுவதைப் பொறுத்தவரை இந்தப் புழுக்கத்தில், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடி (chalk) பாதி நேரம் கையில் பசையாகிவிடுகிறது. காற்று எழும்பும் சாயங்காலமும் விடியற்காலையும்தான் தோது. ஸ்பிரிட் கலந்த திரவ சாக் முதலில், அதன்மேல் கொஞ்சம் பொடி, இது ஓரளவு நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன், அப்பாவோடு வலை இழுக்கப் போகிறவன், செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நான் மாதக்கணக்கில் போராடிய பிடியில் ஒற்றைக்கையில் தொங்கினான். காலை எங்கே வைப்பது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மொத்தச் செலவு 30,000 ரூபாய்க்குள் முடிந்தது, காலணி தனி. அதற்குப்பிறகு ஆன செலவு முழுக்க அந்த ஜிங்க் நட்டுகளால்தான். பிடியை இடம் மாற்றக் கழற்றும்போதெல்லாம் அந்த ஓட்டைக்கு ஸ்டெயின்லெஸ் போட்டுக்கொண்டே வருகிறேன், இரண்டாவது பலகையில் இன்னும் மேல் இரண்டு வரிசை பாக்கி.