கையால் தட்டுவதா, மெஷினா? பாலினீசிய டாட்டூவுக்கு எந்த ஸ்டுடியோ?

பசிபிக் கடல் தீவுகளான பாலினீசியாவின் டாட்டூ மேல் ஆசை வந்ததும் பலர் செய்வது ஒன்றுதான். தோளில் ஆமை, நடுவில் சூரியன், கையைச் சுற்றிச் சுறாப்பல் வரிசை என்று ஒரு படத்தைப் போனில் சேமித்துக்கொண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே அதை ஸ்டென்சில் எடுத்து அப்படியே ஒட்டிக் குத்திவிடுவார்கள். அந்த வழியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. யாருடைய குடும்பக் கதையோ நம் தோளில் ஏறியிருக்கும், அது நம் தோளுக்குப் பொருந்தவும் பொருந்தாது.

பொறுப்பாகச் செய்பவர்களிடம் போனால் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சமோவா முறையில் சீப்பு போன்ற கருவியைத் தட்டிப் போடுவது. இன்னொன்று, டஹிட்டி, மார்க்கேசஸ் தீவுகளின் உருக்களை வைத்து மெஷினில் போடுவது. நியூசிலாந்தின் ஆக்லாந்து உலகிலேயே அதிகப் பாலினீசியர்கள் வாழும் நகரம் என்பதால் இரண்டு வகை ஸ்டுடியோக்களும் இங்கே இருக்கின்றன. நம் தமிழர்களும் இங்கே கணிசமாக இருப்பதால் "எங்கே போகலாம்?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது.

முதலில் கைமுறை. சமோவாவில் டாட்டூ போடுபவர் துஃபுங்கா. அது குடும்ப வழியாக வரும் தொழில், பட்டம் பெற்றுத்தான் செய்ய முடியும். இன்று வெளியுலகில் அதிகம் தெரிந்த பெயர் சுலுஆப்பே குடும்பம். அந்தக் குடும்பத்தின் இரண்டாம் பாவுலோ சுலுஆப்பே 1970களில் ஆக்லாந்தில் வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் இங்குள்ள வெள்ளையர்களில் சிலருக்கும் இந்தக் கலை நெருக்கமானது. டோனி ஃபோமிசன் என்ற நியூசிலாந்து ஓவியர் இடுப்பிலிருந்து முழங்கால் வரை முழு டாட்டூவை அவரிடமே போட்டுக்கொண்டார்.

வேலை நடக்கும்போது பார்த்தால் இது தனி ஆள் வேலை இல்லை என்பது உடனே புரியும். போட்டுக்கொள்பவர் பாயில் படுத்திருப்பார். இரண்டு பக்கமும் உதவியாளர்கள் உட்கார்ந்து தோலை இழுத்துப் பிடிப்பார்கள். துஃபுங்கா இடது கையில் சீப்பின் பிடியைத் தோலுக்கு மேல் நிறுத்தி, வலது கையிலுள்ள கோலால் சீராகத் தட்டிக்கொண்டே நகர்வார். ஒவ்வொரு தட்டுக்கும் சீப்பின் பற்கள் மொத்தமாக உள்ளே போய் வெளியே வரும். கோடு நகர நகர உதவியாளர் துணியால் மையையும் ரத்தத்தையும் துடைத்துவிட்டு மறுபடி இழுத்துப் பிடிப்பார். முன்பெல்லாம் பன்றித் தந்தத்தில் செய்த பற்களை ஆமை ஓட்டில் கட்டிப் பிடியில் பொருத்தினார்கள். மை, லாமா என்ற எண்ணெய்க் கொட்டையை எரித்து எடுத்த கரி. இப்போது பலரும் ஸ்டீல் பற்களையும் கிருமி நீக்கிய மையையும் பயன்படுத்துகிறார்கள்.

அகலமான சீப்பு ஒரே தட்டில் நீளமான கோட்டைப் போட்டுவிடும். அதனால் நேர்கோடுகள், முக்கோணங்கள், அடர்ந்த கறுப்புப் பட்டைகள் எல்லாம் இதில் அபாரமாக வரும். அந்தக் கறுப்பின் அடர்த்தியை மெஷினில் நான் பார்த்ததில்லை. வளைவுகளுக்குச் சிறிய சீப்பு வேண்டும், நேரமும் கூடும். வலி? மெஷினின் எரிச்சல் இதில் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அதிர்வு எலும்பு வரை இறங்கும், தோலை இழுத்துப் பிடிப்பதே தனி வேதனை.

இங்கே ஒரு எல்லை இருக்கிறது. ஃபோமிசன் போட்டுக்கொண்டது போல இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஆண்களுக்குப் போடும் பெஆ, பெண்களுக்குத் தொடையில் போடும் மாலு இரண்டும் சமோவா சமூகத்தில் ஒருவர் ஏற்கும் கடமையோடு சேர்ந்தவை. பெஆவைப் பாதியில் நிறுத்தினால் அது குடும்பத்துக்கே அவமானம். 2013-இல் நைக்கி நிறுவனம் பெண்களுக்கான உடற்பயிற்சி உடையில் பெஆ வடிவத்தை அச்சிட்டபோது சமோவா மக்கள் கொதித்தெழுந்தார்கள், நிறுவனமும் விற்பனையிலிருந்து அதை எடுத்துவிட்டது. ஃபோமிசன் போட்டுக்கொண்டது உண்மைதான். ஆனால் அது துஃபுங்காவே எடுத்த முடிவு. நாமாகப் போய்க் கேட்கும் விஷயம் இல்லை. நம்மைப் போன்ற வெளியாட்களுக்குக் கைப்பட்டை, கெண்டைக்கால் பட்டை என்று அவர்களே வேறு வடிவங்களை அமைத்துத் தருவார்கள். தாராளமாகக் கேட்கலாம்.

இப்போது மெஷின் பக்கம். சமோவாவில் இந்தக் கலை அறுபடாமல் வந்தது. டஹிட்டியிலும் மார்க்கேசஸிலும் அப்படி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகளின் செல்வாக்கும் பிரெஞ்சு ஆட்சியும் சேர்ந்து டாட்டூவைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டன. 1897-98இல் மார்க்கேசஸ் போன கார்ல் ஃபான் டென் ஸ்டைனன் என்ற ஜெர்மானியர், அப்போது உயிரோடிருந்த முதியவர்களின் உடலில் இருந்த வடிவங்களைப் பதிவு செய்து வைத்தார். 1980களில் டஹிட்டியில் இந்தக் கலை மீண்டும் எழுந்தபோது அந்தப் பதிவுகள்தான் பெரிய ஆதாரம். கைமுறையைக் கற்றுக்கொடுக்கச் சமோவாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் மரம், எலும்புக் கருவிகளைச் சரியாகக் கிருமி நீக்க முடியாது என்று இந்தத் தீவுகள் அடங்கிய பிரெஞ்சு பாலினீசியாவின் சுகாதாரத் துறை 1986-இல் அவற்றுக்குத் தடை போட்டது. அங்கே மெஷின் வேரூன்றியதற்கு அது முக்கியமான காரணம்.

இன்று 'பாலினீசியன்' என்று உலகம் முழுக்க அறியப்படும் தோள்-மார்பு டாட்டூ பெரும்பாலும் இந்த மறுமலர்ச்சியில் பிறந்தது. எனாட்டா எனப்படும் மனித உருக்கள், சுறாப்பற்கள், டிக்கி என்ற தெய்வ உருவின் முகம், ஆமை எல்லாவற்றையும் கோர்த்து ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லும் முறை. டுவெய்ன் ஜான்சனின் இடது தோளில் இருப்பது இந்த வகைதான். நம் ஊர்ப் பையன்களுக்கு மல்யுத்த மேடையிலிருந்தே தெரிந்த 'தி ராக்'. 2003-இல் போஒய்னோ இரோண்டி என்ற டஹிட்டிக் கலைஞர் மூன்று அமர்வுகளில், ஏறத்தாழ 60 மணி நேரத்தில் போட்டது. அதில் இருப்பது ஜான்சனுடைய தாய்வழிச் சமோவா முன்னோர்களின் கதை. அந்தப் படத்தைக் காட்டி "இதையே போடுங்க" என்று கேட்டால் நல்ல கலைஞர் மறுத்துவிடுவார். மறுக்க வேண்டும்.

நல்ல மெஷின் ஆர்ட்டிஸ்டை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்ரீஹேண்டாக வரைகிறாரா என்று பாருங்கள். முதலில் உட்காரவைத்துப் பேசுவார்: அப்பா அம்மா யார், எத்தனை பிள்ளைகள், எந்த ஊரை விட்டு வந்தீர்கள். அப்புறம் மார்க்கர் பேனாவை எடுத்துத் தோலிலேயே நேராக வரைய ஆரம்பிப்பார். கையைத் தூக்கச் சொல்வார், திருப்பச் சொல்வார். தசை எங்கே புரள்கிறது என்று பார்த்து ஒரு கோட்டை அழித்து அரை விரல் தள்ளிப் போடுவார். இந்த வரைதலுக்கே சில மணி நேரம் போகும். தட்டையான காகிதத்தில் அச்சடித்த ஸ்டென்சில் தோள்பட்டையின் உருண்டையில் இப்படி உட்காரவே உட்காராது.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் முறையை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவர்களுடைய மோக்கோ டாட்டூ வம்சாவளியைச் சொல்வது, அடுத்தவருக்கு உரியதல்ல. மாவோரி அல்லாதவர்களுக்கென்று கிரிடுஹி என்ற தனி வகை உண்டு. சுருள் வடிவங்கள் பிடித்திருந்தால் அதை ஒரு மாவோரிக் கலைஞரிடமே கேளுங்கள்.

நம் தோலுக்கு எது சரி? இரண்டுமே கறுப்பு மைதான், மாநிறத்தில் நன்றாக எடுபடும். ஆனால் வருஷங்கள் போகப் போக மை சற்றுப் பரவும். அதனால் இடைவெளிகள் தாராளமாக இருக்க வேண்டும். பொடிப்பொடியாக நெருக்கி நிரப்பிய வேலை பத்து வருஷத்தில் இருண்ட திட்டாகிவிடும். கைமுறையில் இந்தத் தவறு அபூர்வம், சீப்பே அவ்வளவு பொடியாகப் போகாது. மெஷினில் ஆர்ட்டிஸ்டின் கட்டுப்பாட்டை நம்பித்தான் இருக்க வேண்டும். காயத் தழும்பு தடித்துப் புடைக்கும் கெலாய்டு கருமையான தோலில் அதிகம் வரும். உங்கள் குடும்பத்தில் அது இருந்தால் தோல் மருத்துவரைக் கேட்காமல் எந்த ஸ்டுடியோவிலும் காலை வைக்காதீர்கள்.

சுத்தம் விஷயத்தில் மெஷினுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பெண். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஊசி, பிரித்துக் காட்டுவதும் எளிது. கைமுறையில் சீப்பை ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) போடுகிறார்களா, தோலை இழுப்பவர்களும் ஆளுக்கு ஆள் கையுறை மாற்றுகிறார்களா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். முறையாகச் செய்பவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்கள்.

என் முடிவு இது. தோள், மார்பு, முழுக்கை என்றால் பாலினீசிய வேர் உள்ள, ஃப்ரீஹேண்டாக வரையும் மெஷின் ஆர்ட்டிஸ்ட். காலிலோ கையிலோ ஒரு பட்டை போதும், வடிவத்தைக் கலைஞர் கையில் விட்டுவிடச் சம்மதம் என்றால் சந்தேகமே வேண்டாம், துஃபுங்காவிடம் போங்கள். அந்தக் கறுப்பும் அந்தக் கூட்டு உழைப்பும் வேறு எங்கும் கிடைக்காது.

இரண்டு இடத்திலும் பல மாதங்கள் காத்திருக்க வேண்டிவரலாம், முன்பணமும் கேட்பார்கள். விலை பேரம் வேண்டாம். ரத்த தானம் செய்பவராக இருந்தால் போட்டுக்கொள்ளும் முன்பே ஒருமுறை கொடுத்துவிடுங்கள். டாட்டூ போட்ட பிறகு இந்தியாவில் 12 மாதம் ரத்தம் எடுக்கமாட்டார்கள்.