பார்க்லியா, ஹென்றியா, கிப்ஸா: பிளேஆஃப் வாரத்தில் யாரை இறக்குவது?

2024 டிசம்பர் 15, டென்வர். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் ஆட்டம். கோல்ட்ஸ் அணியின் ஜோனத்தன் டெய்லர் 41 யார்டு ஓடி வருகிறார், முன்னால் ஆளே இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டியாயிற்று என்று நினைத்து, தாண்டுவதற்குக் கடுகளவு முன்பே பந்தைக் கைநழுவ விட்டார். டச்டவுன் (பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டுவது) போச்சு, பந்தும் எதிரணிக்குப் போச்சு. கோல்ட்ஸ் 31-13 என்று தோற்றது. நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் செய்வதற்குப் புள்ளி வாங்கும் ஃபேன்டஸி லீக்குகளில் அது பிளேஆஃபின் (தோற்றால் வெளியேறும் சுற்றுகளின்) முதல் வாரம். டெய்லர் என் அணியில்.

எப்படியோ தட்டுத்தடுமாறி அரையிறுதிக்கு வந்துவிட்டேன். கோபம் மட்டும் ஆறவில்லை. அடுத்த வாரம் டெய்லரைப் பெஞ்சில் உட்கார வைத்து, கவ்பாய்ஸின் ரிகோ டவுடிலை இறக்கினேன். டவுடில் அதே 15ஆம் தேதி கரோலைனாவை 149 யார்டு ஓடிப் பிளந்திருந்தார். பிறகு நடந்தது: டவுடில் டாம்பா பேயின் தடுப்பில் முட்டி மோதி ஒன்றும் தேறவில்லை. டெய்லர் டென்னசிக்கு எதிராக 29 முறை பந்தை வாங்கி 218 யார்டு, 3 டச்டவுன். ஏறக்குறைய 40 புள்ளி, கணக்கில் சேராமல் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த வாரம் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 32 முறை ஓடி 125 யார்டு, 2 டச்டவுன். அதை நான் வேடிக்கைதான் பார்த்தேன்.

அந்த சீசனின் கணக்குகளை அதற்குப் பிறகு உட்கார்ந்து புரட்டியதில் கிடைத்ததுதான் இந்த அலசல். சுருக்கமாக என் கட்சி இது: ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) எவ்வளவு பெரிய ஆள் என்பதை ஆகஸ்டில் டிராஃப்ட் அன்று, அதாவது வீரர்களைப் பங்கிட்டு எடுக்கும் நாளில், யோசித்தால் போதும். டிசம்பரில் கேட்க வேண்டியது, இந்த வாரம் பந்து எத்தனை முறை அவர் கைக்கு வரும், எந்த இடத்தில் வரும் என்பதை மட்டும்.

முதலில் பெரிய தலைகள். 2024-இல் ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார். ரேவன்ஸின் டெரிக் ஹென்றி 1,921. லயன்ஸின் ஜமீர் கிப்ஸ் 1,412. ஓட்டத்தை மட்டும் பார்த்தால் கிப்ஸ் இந்த வரிசையிலேயே சேரமாட்டார். ஆனால் கேட்சையும் (வீசிய பந்தைப் பிடிப்பது) டச்டவுனையும் சேர்த்தால் கதை மாறுகிறது. 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு 6 என்ற வழக்கமான கணக்கில் (பந்தைத் தவறவிட்டதற்கான கழிவு, இரண்டு புள்ளி முயற்சிகள் இதில் இல்லை):

ஹென்றி: ஓட்டமும் கேட்சும் சேர்த்து 2,114 யார்டு, 18 டச்டவுன் = 319.4
பார்க்லி: 2,283 யார்டு, 15 டச்டவுன் = 318.3
கிப்ஸ்: 1,929 யார்டு, 20 டச்டவுன் = 312.9

மூவரும் தோளோடு தோள். இனி கேட்சுக்கு ஒரு புள்ளி தரும் பிபிஆர் லீக்குக்கு வாருங்கள். கிப்ஸ் 52 கேட்ச், பார்க்லி 33, ஹென்றி 19. இப்போது கிப்ஸ் 364.9, பார்க்லி 351.3, ஹென்றி 338.4. வரிசை தலைகீழ். போதாக்குறைக்கு 61 கேட்ச் பிடித்த அட்லாண்டாவின் பிஜான் ராபின்சன் 339.7 என்று ஹென்றிக்கு மேலே வந்து உட்கார்ந்துவிடுகிறார். சாதாரணக் கணக்கில் அவர் ஹென்றிக்கு 40 புள்ளி கீழே. ஆக, யார் சிறந்தவர் என்று யாராவது கேட்டால், உங்கள் லீகில் கேட்சுக்கு என்ன தருகிறார்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் ஒழுங்கான பதில்.

இதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, பலரும் விழுவது. மேலே சொன்னவை முழு சீசன் கணக்கு. பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகள் 17ஆம் வாரத்தோடு முடிந்துவிடும். கிப்ஸ் 18ஆம் வாரம் மினசோட்டாவுக்கு எதிராக மொத்தம் 170 யார்டும் 4 டச்டவுனும் எடுத்தார். பிபிஆரில் 46 புள்ளி, கோப்பை வேறொருவர் வீட்டுக்குப் போன பிறகு! ஹென்றியும் அதே வார இறுதியில் கிளீவ்லாந்தை 138 யார்டு, 2 டச்டவுன் என்று வெளுத்தார். பார்க்லியோ அன்று ஆடவே இல்லை. 1984-இல் எரிக் டிக்கர்சன் வைத்த 2,105 யார்டு சாதனையை முறியடிக்க இன்னும் 101தான் பாக்கி. ஆனாலும் என்எஃப்எல் பிளேஆஃபில் இடம் உறுதியாகிவிட்டதால் அணி அவருக்கு ஓய்வு கொடுத்தது. அந்தக் கடைசி வாரத்தைக் கழித்துப் பாருங்கள்: கிப்ஸ் 319-க்குக் கீழே இறங்குகிறார், பார்க்லி 351-இலேயே நிற்கிறார். நம் கணக்கில் அந்த ஆண்டின் ராஜா பார்க்லிதான், அதுவும் பிபிஆரிலேயே.

அப்படியானால் பிளேஆஃபில் கண்ணை மூடிக்கொண்டு பார்க்லியா? இறக்குவதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கும் ஒரு குறை உண்டு. கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் வந்தால் ஈகிள்ஸ் பந்தை குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸிடம் கொடுத்து, பின்னாலிருந்து நாலு பேர் தள்ளி உள்ளே அனுப்பிவிடுவார்கள். ஹர்ட்ஸுக்கு அந்த சீசனில் ஓட்டத்தில் 14 டச்டவுன், 2,005 யார்டு ஓடிய பார்க்லிக்கு 13. உழைத்தவர் ஒருவர், சாப்பிட்டவர் இன்னொருவர். ரேவன்ஸின் ஊரான பால்டிமோரில் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் ஓட்டத்தில் எடுத்தது நான்கே டச்டவுன். கோட்டருகே பந்து ஹென்றிக்குத்தான். அங்கே குறை வேறு: அணி பின்தங்கிவிட்டால் பந்தை வீசி ஆடும் பாஸ் ஆட்டம் தொடங்கும், இன்னொரு ரன்னிங் பேக் ஜஸ்டிஸ் ஹில் உள்ளே வருவார், ஹென்றி வெளியே நிற்பார். ஆகவே ஹென்றியை இறக்கும்போது நான் பார்ப்பது ரேவன்ஸ் ஜெயிக்குமா என்பதை. அவர்கள் முன்னிலையில் இருந்தால் கடைசிக் கால் மணி நேரம் முழுக்க அவர் ராஜ்ஜியம்.

இதே தராசில் இரண்டாம் அடுக்கு ஜோடி ஒன்று: மயாமியின் டிவான் அச்சேன், பஃபலோவின் ஜேம்ஸ் குக். 2024-இல் அச்சேன் 203 முறை ஓடினார், குக் 207. கிட்டத்தட்ட ஒரே சுமை. ஆனால் அச்சேனுக்கு 78 கேட்ச், குக்குக்கு 32. குக்குக்கு 18 டச்டவுன், அச்சேனுக்கு 12. சாதாரணக் கணக்கில் குக் 234.7, அச்சேன் 221.9. பிபிஆரில் அச்சேன் 299.9, குக் 266.7. என்னைக் கேட்டால் பிபிஆராக இருந்தால் அச்சேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: மயாமியின் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா ஆட வேண்டும். கேட்சை நம்பி வாழும் ரன்னிங் பேக்கின் தலையெழுத்து குவார்ட்டர்பேக்கின் கையில். டுவா அந்த ஆண்டு தலையில் அடிபட்டு நான்கு ஆட்டம் வெளியே இருந்தபோது மயாமியின் ஆட்டமே படுத்துவிட்டது. 17ஆம் வாரம், இறுதிப் போட்டி நேரத்தில், இடுப்புக் காயத்தால் மறுபடி வெளியே. அவருக்குப் பதில் டைலர் ஹண்ட்லி ஆடினார். அந்தச் செய்தி வந்த நிமிடம் அச்சேனையும் குக்கையும் அருகருகே வைத்திருந்தவர் யோசிக்காமல் குக்கை எடுத்திருக்க வேண்டும். குக்கின் டச்டவுன் எண்ணிக்கை இப்படியே நீடிக்காது என்று சீசன் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கோட்டருகே குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனே 12 டச்டவுன் ஓடி எடுக்கும் அணி அது. ஆனாலும் குக் நிறுத்தவில்லை.

பெயரா, வேலையா என்ற தராசில் கான்சாஸ் சிட்டியைப் போல நல்ல உதாரணம் கிடைக்காது. ஐசையா பச்சேகோ இரண்டாம் வாரத்தில் கால் எலும்பு முறிந்து, நவம்பர் கடைசியில் திரும்பி வந்தார். அதுவரை இடத்தைப் பிடித்து வைத்திருந்தவர் கரீம் ஹன்ட். பச்சேகோ வந்துவிட்டாரே என்று அவசரமாக லைனப்பில் (அந்த வாரம் இறக்கும் ஆட்களின் பட்டியலில்) போட்டவர்கள் உண்டு. சீசன் முடிவில் பச்சேகோ 83 ஓட்டம், 310 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். ஹன்ட் 200 ஓட்டம், 728 யார்டு, 7 டச்டவுன். காயத்திலிருந்து திரும்புகிறவர் முதல் நாளே பழைய பங்கை வாங்கிவிடுவார் என்று நம்பாதீர்கள். ஒரு ஆட்டம் பொறுத்துப் பார்க்கலாம். பிளேஆஃபில் அந்த ஒரு ஆட்டத்துக்குத்தான் நேரமில்லை, அதனால் பெஞ்ச்.

எதிரணி எப்படி என்பதை எப்போது பார்ப்பது? முதல் இரண்டு இடங்களுக்குப் பார்க்கவே வேண்டாம். மூன்றாம் ஆளுக்கு, அதாவது ரன்னிங் பேக்கோ பந்து பிடிப்பவரோ யாரையும் போடக்கூடிய ஃப்ளெக்ஸ் இடத்துக்கு, அதுதான் முதல் கேள்வி. 2024-இல் கரோலைனா பேந்தர்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 179.8 யார்டு ஓட்டத்தில் விட்டுக்கொடுத்தது, லீகிலேயே மோசம். 15, 16, 17 ஆகிய மூன்று வாரமும் அவர்களை எதிர்த்தவர்களில் ஒருவர் 100 தாண்டினார்: டவுடில், அரிசோனாவின் ஜேம்ஸ் கானர், டாம்பா பேயின் பக்கி இர்விங். நான் செய்த தப்பு இங்கேதான். கரோலைனாவின் ஓட்டையை டவுடிலின் திறமை என்று படித்தேன். ஓட்டை அடுத்த வாரம் டவுடிலோடு கூட வரவில்லை. மூன்று வாரமும் கரோலைனாவை எதிர்த்து ஆடுபவர்களைத் துரத்தியிருக்க வேண்டும். அதோடு டவுடில் அந்த சீசனில் ஆயிரத்துக்கு மேல் ஓடியும் ஓட்டத்தில் இரண்டே டச்டவுன் எடுத்தவர். அதையும் முன்பே பார்த்திருக்கலாம்.

மாற்று ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் பல லீக்குகளில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. நான்கே ஆட்டம் ஆடினார். டிசம்பர் 1 அன்று பஃபலோவின் பனியில் அவருக்கு முழங்கால் போனது. அதே ஆட்டத்தில் மாற்று ஆள் ஜோர்டன் மேசனுக்குக் கணுக்கால். மாற்றுக்கு மாற்றாக வந்த ஐசக் குரெண்டோ அடுத்த வாரம் சிகாகோவுக்கு எதிராக 2 டச்டவுன் போட, வேவரில், அதாவது யார் அணியிலும் இல்லாதவர்களை எடுக்கும் இடத்தில், அவருக்காக அடிதடி. பிளேஆஃப் முதல் வாரம் வியாழன் இரவு மழையில் சான் ஃபிரான்சிஸ்கோ ராம்ஸிடம் 12-6 என்று தோற்ற ஆட்டம். இரு பக்கமும் டச்டவுனே கிடையாது. அதற்கடுத்த வாரம் குரெண்டோவும் காயத்தில். மாற்று ஆளுக்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் 2018-ஐ நினைத்தால் இந்தச் சூதை விடவும் மனம் வராது. தன் ரன்னிங் பேக் டாட் கர்லிக்கு முழங்கால் பிரச்சினை என்று ராம்ஸ் டிசம்பர் 18 அன்று சி.ஜே. ஆண்டர்சனைக் கூப்பிட்டது, அதே சீசனில் இரண்டு அணிகள் கழற்றிவிட்ட ஆள். ஐந்தே நாளில் அரிசோனாவில் 167 யார்டு, ஒரு டச்டவுன். அப்போதெல்லாம் ஃபேன்டஸி இறுதிப் போட்டி 16ஆம் வாரம், அதே ஞாயிறு. வேவரில் சும்மா கிடந்தவரை எடுத்துப் போட்டவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள்.

என் வழக்கம் இப்போது இது: என் முதல் ரன்னிங் பேக்குக்கு மாற்று யாரோ அவரைப் பெஞ்சில் வைத்திருப்பேன், பிறர் வீட்டு மாற்று ஆளுக்காக வேவரில் காசைக் கொட்டமாட்டேன். லயன்ஸில் கிப்ஸோடு ஓட்டத்தைப் பங்கிடும் டேவிட் மான்ட்கோமரிக்கு 15ஆம் வாரம் முழங்கால் அடிபட்டதும் கிப்ஸ் சிகாகோவில் 23 முறை ஓடி 109 யார்டு, சான் ஃபிரான்சிஸ்கோவில் 117 யார்டு, இரண்டிலும் டச்டவுன். பங்காளி விலகினால் சொத்து முழுக்க ஒருவருக்கே.

கடைசியாக நாள்காட்டி. வியாழக்கிழமை ஆடுகிறவரை ஃப்ளெக்ஸில் வைக்காமல் ரன்னிங் பேக் இடத்திலேயே வையுங்கள். ஞாயிறு காலை யாராவது காயம் என்றால் ரன்னிங் பேக்கோ பந்து பிடிப்பவரோ யாரையும் போட ஃப்ளெக்ஸ் காலியாக இருக்கும். 2024-இல் 17ஆம் வாரம் புதன்கிழமையே தொடங்கியது, கிறிஸ்துமஸ் அன்று. ஹென்றி ஹூஸ்டனில் 147 யார்டும் ஒரு டச்டவுனும் எடுத்தது அந்தப் புதன் மாலை. எங்கள் லீகின் இறுதிப் போட்டியில் ஹென்றியை வைத்திருந்தவர் வழக்கம்போல ஞாயிறு காலை காபியோடு லைனப் போட வந்தார். ஹென்றி அவர் பெஞ்சில், ஆட்டம் தொடங்கியதும் மாற்ற முடியாதபடி விழும் பூட்டுப் படத்தோடு.