படலையில் தொடங்கி 42ஆம் நாள் வரை: எங்கள் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரின் சேவை பற்றி

இந்தச் சேவை எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு முதன்முறை உள்ளே வந்தபோது மகள் கர்ப்பமாகவே இருக்கவில்லை. கலியாணம் முடிந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து வழமைப்படி வீடு பெண்பிள்ளைக்கே உரியது என்பதால் மருமகன் இங்கு வந்து குடியேறியிருந்தார். ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்த குடும்பநல உத்தியோகத்தர், மகளின் பெயரையும் வயதையும் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, நிறையையும் உயரத்தையும் அளந்து, ருபெல்லாத் தடுப்பூசி போடப்பட்டதா என்று விசாரித்து, போலிக் அமிலக் குளிசைகளைக் கையில் கொடுத்தார். "பிள்ளை தங்கினாப் பிறகு தொடங்கினால் பிந்திப் போகும் தங்கச்சி, இப்பவே போடுங்க" என்று அவர் சொன்ன விளக்கம், நாற்பது வருடங்களுக்கு அண்மையாக ஆசிரியையாக இருந்த எனக்கே புதிதாக இருந்தது.

ஊரில் அவரை எவரும் பதவிப் பெயரால் அழைப்பதில்லை. எல்லோருக்கும் அவர் 'மிட்வைஃப் மிஸ்'தான். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ், ஏறத்தாழ 3,000 பேர் வாழும் ஒரு பிரிவு ஒருவருக்கு என்ற கணக்கில் இவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்து வந்த இந்த ஏற்பாட்டுக்கு இன்று வரை கட்டணம் எதுவும் இல்லை. ஒருமுறை மருமகன் நன்றிக்கடனாக ஒரு பை இறாலை நீட்டியபோது அதை வாங்க மறுத்த மிஸ், வேலியோரத்து முருங்கையில் இரண்டு கொத்து இலையை மட்டும் தானே ஒடித்துக்கொண்டு போனார்.

நாங்கள் இருப்பது கொட்டியாரக் குடாவின் தென்பக்கம். இரவில் கரையில் நின்றால் திருகோணமலை நகரத்து விளக்குகள் நீருக்கு அப்பால் தெரியும். ஆனால் தரைவழியாகப் போவதென்றால் கிண்ணியாவைச் சுற்றித்தான் போக வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும், 2011இல் மட்டக்களப்பு வீதியின் ஏனைய பாலங்களும் திறக்கப்படும் வரைக்கும் துறைக்குத் துறை, வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதப்புப் பாதைக்காகக் காத்துக் கிடந்தே நகரத்துக்குப் போய்வந்தோம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. வைத்தியசாலை தொலைவில் இருக்கும் ஓர் ஊரில் வீட்டுக்கு வருகின்ற ஒருவரின் பெறுமதியை, வைத்தியசாலைக்கு நடந்தே போகக்கூடிய இடத்தில் இருப்பவர் மதிப்பிடுவது கடினம்.

மகளுக்கு ஏழாவது வாரம் என்று அறிந்ததும் பதிவு செய்துவிட்டோம். எட்டு வாரங்களுக்கு முன்னர் பதிய வேண்டும் என்பதில் மிஸ் மிகக் கண்டிப்பானவர். பிந்தி வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவர் கொடுத்த பேச்சு எங்கள் கிணற்றடி வரைக்கும் கேட்டது. பதிவின்போது கர்ப்பிணிப் பதிவேட்டின் ஒரு பிரதி தாயிடமும் மற்றையது அவரிடமும் இருக்கும். அதன் பின்னர் அவர் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும், பதிவேட்டில் இல்லாத எத்தனையோ விடயங்களை அவருடைய கண்கள் பார்த்ததை நான் கவனித்தேன். கிணற்றுக் கட்டு வழுக்குகிறதா, மலசலகூடத்துக்கு இரவில் போகும் வழியில் வெளிச்சம் உண்டா, சமைத்த மீன் யாருடைய பீங்கானுக்குப் போகிறது என்பதையெல்லாம், கேள்வி கேட்பதாகவே தெரியாமல் கேட்டு அறிந்துகொள்வார். மருமகன் கடலுக்குப் போகும் நாட்களில் இரவு யார் துணை என்று கேட்டு, பக்கத்து வீட்டுத் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி வைத்துக்கொண்டார்.

இரும்புச்சத்துக் குளிசை பற்றிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. நான்காம் மாதத்தில் மகளின் ஹீமோகுளோபின் அளவு கூடவில்லை. குளிசை ஒரு நாளும் தவறவில்லை என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். மிஸ் என்னோடு தர்க்கிக்கவில்லை; எந்நேரம் போடுகிறாள், எதோடு போடுகிறாள் என்று மட்டும் கேட்டார். காலையில் தேத்தண்ணியோடுதான் என்று மகள் சொன்னதும் விடயம் வெளியாகிவிட்டது. தேயிலையில் உள்ள பொருள் இரும்பை உடம்பில் சுவற விடாது என்றும், கல்சியக் குளிசையையும் அதனோடு சேர்த்துப் போடக் கூடாது என்றும், விற்றமின் சீ குளிசையோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நன்றாகச் சேரும் என்றும் சொல்லி, மூன்று குளிசைகளுக்கும் மூன்று நேரங்களை நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதித் தந்தார். கிளினிக்கில் குளிசை கிடைத்தது. அது வேலை செய்யாத காரணம் எங்கள் அடுப்படியில் கிடந்தது. அடுப்படி வரைக்கும் வருகின்ற ஒருவரால் மட்டுமே அதைக் கண்டுபிடித்திருக்க முடியும்.

திரிபோஷ என்ற சத்துமாப் பைகளின் விடயத்திலும் இப்படித்தான் பிடிபட்டோம். தாய்க்கென்று தரப்படும் மாவில் நான் பேரப்பிள்ளைகளுக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்ததை அவர் கண்டுகொண்டார். "ரீச்சர், இது வீட்டுக்குத் தாற மா இல்லை, தங்கச்சிக்குத் தாறது" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

மாதாந்தக் கிளினிக்கைப் பொறுத்தவரை, செய்ய வேண்டியவை யாவும் செய்யப்பட்டன. குருதியமுக்கம், நிறை, சிறுநீரில் சீனியும் புரதமும், அளவு நாடாவால் வயிற்றின் உயரம், சிசுவின் இதயத் துடிப்பு என ஒவ்வொன்றும் பார்க்கப்பட்டு எழுதப்பட்டது. சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்குமான இரத்தப் பரிசோதனை எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானது. அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு, தாயிடமிருந்து பிள்ளைக்கு இந்த இரண்டு நோய்களும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்ததற்கு இந்தப் பரிசோதனையே அடிப்படை என்று சொல்லலாம். ஆனால் கிளினிக் நடக்கும் இடம் கர்ப்பிணிகளை நினைத்துக் கட்டியதன்று. நாற்பது பெண்களுக்கு ஐந்து வாங்குகளும் ஒரேயொரு மின்விசிறியும் இருந்தன. சிறுநீர் மாதிரி எடுக்கச் சொல்லுமிடத்தில் தண்ணீர் வராத நாட்களும் இருந்தன. 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யும் குளுக்கோசுப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்து, மேலும் இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டியவர்களுக்கு அது பெரும் சோதனை. சாப்பாட்டுப் பொதியையும் தண்ணீர்ப் போத்தலையும் கையோடு கொண்டுபோவது நல்லது.

வசதியுள்ள குடும்பங்கள் இதற்கு மேலாக நகரத்தில் விசேட வைத்தியரை 'சனல்' பண்ணுகிறார்கள், அதாவது பணம் கட்டித் தனியாகக் காட்டுகிறார்கள். நாங்களும் இரண்டு தடவை போனோம். ஸ்கான் படம் அழகாக இருந்தது. வைத்தியர் மரியாதையாகப் பேசினார். ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். அதைக் குறை சொல்லவில்லை, தேவைப்படும் கர்ப்பங்களுக்கு அது தேவைதான். எனினும் சனலுக்குப் போகிறோம் என்பதற்காகக் கிளினிக்கைக் கைவிடுகிறவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேறொரு அளவுகோலும் உண்டு. 1991இல் என் மூத்த மகன் பிறந்தபோது, இருட்டிய பிறகு வீதியில் இறங்க முடியாத யுத்த காலம். ஊர் மருத்துவிச்சி ஆச்சிதான் லாம்பு வெளிச்சத்தில் பிள்ளையை ஏந்தினார். இரவு முழுவதும் என் முதுகைத் தடவிக்கொண்டு, ஒரு நிமிடமும் அகலாமல் இருந்த அந்தக் கைகளின் சூட்டை இன்றும் உணர்கிறேன். அதே ஆச்சிதான் அதற்கு இரண்டு வருடங்களின் பின்னர் என் ஒன்றுவிட்ட தங்கைக்கும் பக்கத்தில் இருந்தார். நச்சுக்கொடி விழுந்த பிறகு பெருகிய இரத்தத்தை நிறுத்த ஆச்சியிடம் ஒன்றுமே இருக்கவில்லை. துறையடிக்குக் கொண்டுபோன கட்டிலிலேயே தங்கை போய்விட்டாள். ஆகவே பழைய முறையைப் புகழ்ந்து பேசுகிறவர்களோடு நான் சேருவதில்லை. அந்தக் கைச்சூட்டை மறக்கவும் என்னால் முடியாது. இன்று நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. குடும்பநல உத்தியோகத்தரின் வேலையும் வீட்டில் பிள்ளையை ஏந்துவதிலிருந்து, தாயை நேரத்துக்கு வைத்தியசாலைக்கு அனுப்பி வைப்பதற்கு மாறிவிட்டது.

அந்த அனுப்பிவைத்தலை எங்கள் மிஸ் செவ்வனே செய்தார். சிசுவின் அசைவை எண்ணிக் குறிக்கக் கற்றுக்கொடுத்தார். இரத்தம் கண்டால், நீர்க்குடம் உடைந்தால், தலையிடியோடு கண் மங்கினால், அசைவு குறைந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் புறப்பட வேண்டும் என்பதை என்னையும் மருமகனையும் சேர்த்து இருத்திவைத்து, எங்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். பாடம் ஒப்புவிக்கும் பிள்ளை போல நான் ஒப்புவித்தேன். 36ஆம் வாரத்திலேயே பை கட்டி வைக்கப்பட்டது. பின்னிரவு இரண்டு மணிக்கு நீர்க்குடம் உடைந்தபோது, யானை நடமாடும் வீதியில் ஓட்டோவில் போக வேண்டாம் என்று அவர் முன்னரே சொல்லியிருந்தபடி 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தோம். 2016இல் மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் வந்த இந்த இலவச அம்புலன்ஸ், நாங்கள் எண்ணியதற்கு முன்னதாகவே வந்து சேர்ந்தது.

என் மனத்தாங்கல் வைத்தியசாலை வாசலில் ஆரம்பிக்கிறது. எந்த வைத்தியசாலை என்று சொல்ல நான் விரும்பவில்லை. வேறிடங்களில் பெற்றவர்களும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். எட்டு மாதமாக ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டு வந்த பதிவேட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அதில் எழுதியிருந்த கேள்விகளையே வலியோடு நின்றவளிடம் மறுபடியும் கேட்டார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். மகள் ஒன்பது மணித்தியாலம் பிரசவ அறையில் தெரிந்த முகம் ஒன்றுமில்லாமல் கிடந்தாள். தாய் விரும்புகின்ற ஒருவர் பிரசவத்தின்போது உடனிருப்பதை உலக சுகாதார ஸ்தாபனமே பரிந்துரைக்கிறது என்பதை நான் வாசித்திருந்தேன். அங்கு கேட்டபோது இடமில்லை என்றார்கள். திரைச்சீலையும் இடைவெளியும் இல்லாத அறையில் மற்றப் பெண்களின் மறைவைக் காக்க வேண்டும் என்ற அவர்களின் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. அவர்களின் கைத்திறமையிலும் குறை காணவில்லை. மகளுக்கு இரத்தப்போக்கு சற்றுக் கூடியபோது ஊசியும் சேலைனுமாக நிமிடக் கணக்கில் அதை நிறுத்தினார்கள். என் தங்கைக்குக் கிடைக்காதது என் மகளுக்குக் கிடைத்தது. ஆனாலும் ஒரு கை பிடித்திருக்க ஆளில்லாமல் கிடந்த அந்த ஒன்பது மணித்தியாலத்தை மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளை 2.9 கிலோ. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையிலேயே படலை திறந்தது. தையல் போட்ட இடம், மார்பின் கட்டு, காய்ச்சல், பிள்ளையின் கண்ணிலும் தோலிலும் மஞ்சள், கொப்பூழ் என மிஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பால் கொடுக்கும்போது பிள்ளையைப் பிடிக்கும் விதத்தைச் சற்றே மாற்றிவிட்டதோடு மகளின் முலைக்காம்பு வலி இரண்டு நாளில் குறைந்தது. அவர் ஒரு முஸ்லிம் பெண்மணி. எங்கள் வீட்டுத் துடக்கு வழமைகளை அறிந்தவர், அவற்றைச் சீண்டாதவர். நொச்சியும் பாவட்டையும் அவித்த வேதுத் தண்ணீரில் குளிப்பதற்குத் தடை சொல்லவில்லை. மிளகும் மல்லியும் உள்ளியும் சேர்த்து அரைத்த சரக்குக்கறியையும் சுறாப்புட்டையும் நன்றாகச் சாப்பிடச் சொன்னார். என் சம்பந்தி, தாய்க்குத் தண்ணீர் குறைக்க வேண்டும் என்றபோதும், கொப்பூழில் சாம்பல் வைக்கப் போனபோதும் மட்டும் குரல் உயராமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல் நின்றார். ஊரோடு ஒத்துப்போக வேண்டிய இடத்தையும் மறித்து நிற்க வேண்டிய இடத்தையும் பிரித்தறியும் இந்தப் பக்குவம் பயிற்சியில் மட்டும் வந்திருக்காது.

குறையொன்று இங்கும் உண்டு. முதல் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை வர வேண்டியவர், இரண்டாம் தடவை வரவில்லை. பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லாததால் அதையும் அவரே பதிலுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் பேசினார், மன்னிப்பும் கேட்டார். ஆனால் கொப்பூழைத் தொலைபேசியில் பார்க்க முடியாது. ஒருவரின் தலையில் இரண்டு ஊரை ஏற்றிவிட்டு வீட்டு வருகைகளின் எண்ணிக்கையை மேலிருந்து கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பின்னர் ஒரு நாள் அவர் மகளைத் தனியே அறைக்குள் அழைத்துப் பத்துக் கேள்விகள் அடங்கிய தாளொன்றைக் கொடுத்தார். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்ற விதமான கேள்விகள். வெளியே வந்தபோது மகளின் கண் சிவந்திருந்தது. அதன் பிறகு இரண்டு கிழமைக்கு மிஸ் வழமைக்கு மேலாகவே எங்கள் பக்கம் வந்தார். மருமகனைக் கூப்பிட்டு, இரவில் பிள்ளை அழுதால் அவரும் எழும்ப வேண்டும் என்று சொன்னார். பிரசவ அறையில் விட்டுப்போன ஏதோ ஒன்றை அவர் அங்கே பொறுக்கியெடுத்து ஒட்டுவது போல எனக்குப் பட்டது.

பிரசவத்தின் 42ஆம் நாளுக்குப் பின்னர் வந்து, அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடுவது பற்றிப் பேசி, பிள்ளையின் பதிவேட்டில் நிறைக்கோட்டை வரைந்து, இரண்டாம் மாதத் தடுப்பூசித் திகதியை எழுதிவிட்டு எழுந்தார். அடுப்படியில் நின்ற என் மருமகளை அப்போதுதான் கண்டார் போலும். பழைய பதிவேட்டைப் புரட்டி, "உங்களுக்கு இந்த வருசம் 35 ஆச்சே, சுகவனிதையர் கிளினிக்குக்கு இன்னும் வரயில்லையே" என்று, பெண்களுக்கு நோய் வருமுன் பரிசோதிக்கும் அந்தக் கிளினிக்கைப் பற்றிக் கேட்டு, ஸ்கூட்டிச் சாவியைக் கையில் எடுத்தபடியே திகதியையும் சொல்லிவிட்டுப் போனார்.