சொந்த எழுத்தா, நகலா? சோதனை முறைகள் ஓர் ஒப்பீடு

ஒரு கட்டுரை சொந்தமாக எழுதப்பட்டதா, இணையத்தில் ஏற்கெனவே உள்ள ஒன்றின் நகலா என்று கண்டறியப் பெரும்பாலும் மூன்று வழிகள் கையாளப்படுகின்றன: தேடுபொறியில் மேற்கோள் குறியிட்டு நாமே தேடுவது, காப்பிஸ்கேப் போன்ற இணைய ஒப்பீட்டுச் சேவை, டர்னிட்டின் போன்ற பெரிய தரவுத்தளச் சேவை. பிறர் எழுத்தைத் திருத்தும் பணியில் இம்மூன்றையும் பயன்படுத்தி வருகிறேன். தமிழ்க் கட்டுரைகளைப் பொறுத்தவரை முதலாவதுக்கே முதலிடம் தருவேன்.

ஐயத்துக்குரிய தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால், அதே சொற்கள் அதே வரிசையில் அமைந்த பக்கங்கள் கிடைக்கும். கூகுள் ஒரு தேடலில் 32 சொற்களுக்கு மேல் கணக்கில் கொள்வதில்லை என்பதால் முழுப் பத்தியை ஒட்டிப் பயனில்லை. ஏழெட்டுச் சொற்களே போதும். எந்த இடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். நகலெடுப்பவர் தொடக்கப் பத்தியை அக்கறையோடு மாற்றி எழுதுவார். நடுப்பகுதிக்கு வருவதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். நீர்நிலைகள் குறித்து எனக்கு வந்த ஒரு கட்டுரையில் முதல் மூன்று தேடல்களும் வெறுங்கையோடு திரும்பின. நான்காம் பத்தியில் ‘கிணற்றின்’ என்பது ‘கினற்றின்’ என்று இருந்தது. திருத்தாமல், பிழையோடு அத்தொடரைத் தேடினேன். அதே பிழையுடன் அதே பத்தி வேறொரு பக்கத்தில் இருந்தது. எழுத்துப்பிழையைப் போல் நம்பகமான சாட்சியை நான் கண்டதில்லை.

2004 முதல் இயங்கும் காப்பிஸ்கேப்பின் பயன் வேறு. பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அதில் உள்ள எழுத்து வேறெங்கெல்லாம் காணப்படுகிறது என்று காட்டும். ஆகவே, நம் எழுத்தைப் பிறர் எடுத்துக்கொண்டார்களா என்று பார்க்க அது மிகவும் ஏற்றது. இன்னும் வெளியாகாத கட்டுரையை ஒட்டிச் சோதிக்கக் கட்டணம் உண்டு. பொது இணையத்தில் தேடலுக்கு எட்டாதது, அதாவது அச்சு நூலின் பக்கமோ, படமாக மட்டும் வருடப்பட்ட (ஸ்கேன் செய்யப்பட்ட) இதழோ, அதற்கும் எட்டாது.

1998இல் தொடங்கிய டர்னிட்டின், இணையப் பக்கங்களோடு ஆய்விதழ்களையும் முன்பு சமர்ப்பிக்கப்பட்ட மாணவர் கட்டுரைகளையும் சேர்த்து ஒப்பிடுகிறது. ஆய்வேடு என்றால் இதற்கு இணையில்லை. ஆனால் அது தரும் ஒப்புமை விழுக்காட்டைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஒப்புமை அளவு வேறு, எழுத்துத் திருட்டு வேறு என்று அந்நிறுவனமே சொல்கிறது. 25 விழுக்காடு முழுவதும் முறையான மேற்கோள்களாகவும் நூற்பட்டியலாகவும் இருக்கலாம். 6 விழுக்காடு, கட்டுரையின் உயிர்நாடியான ஒரே பத்தி அப்படியே தூக்கப்பட்டதாக இருக்கலாம். தவிர, கொடுக்கும் கட்டுரை அங்கே சேமிக்கப்பட்டுவிட்டால், எழுதியவரே பின்னர் மீண்டும் சமர்ப்பிக்கும்போது தன் எழுத்துக்குத் தானே நகலெடுத்தவராகக் காட்டப்படுவார். எனவே சேமிப்பு அமைப்பு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டறியாமல் வெளியாகாத எழுத்தைக் கொடுக்கக் கூடாது. இலவசச் சோதனைத் தளங்களில் இந்தக் கவலை இன்னும் பெரிது. கொடுத்த எழுத்து எங்கே போகிறது என்று பலவற்றில் தெளிவான விளக்கமே இல்லை.

தமிழுக்கென்று தனியான இடர்கள் உண்டு. ‘ஔவையார்’ என்பதை ‘ஔ’ என்ற ஒரே எழுத்தாகவும் தட்டலாம். ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரு வேறு சொற்கள். ‘சொன்னபோது’ என்பதைச் ‘சொன்ன போது’ என்று பிரித்தாலே, தொடர்ச்சியான சொற்களை எண்ணும் கருவியின் சங்கிலி அறுந்துவிடும். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் வெளியான பழைய பக்கங்களோ கருவிக்குப் பொருளற்ற குறிகள் மட்டுமே. ஆகவே தமிழில் பூச்சிய விழுக்காடு வந்தால் அதை நற்சான்றாகக் கொள்ள மாட்டேன். கையால் தேடும்போது இந்த மாற்று வடிவங்களை நாமே இட்டுப் பார்க்க முடியும் என்பதே அம்முறைக்கு நான் முதலிடம் தரக் காரணம்.

வேற்றுமொழிக் கட்டுரையை மொழிபெயர்த்துத் தன் பெயரில் தந்தால் மூன்று வழிகளுமே எளிதில் ஏமாறும். அங்கே கட்டுரையைப் படித்துப் பார்ப்பதே சோதனை: சொல்லமைப்பு திடீரென்று மாறுகிறதா, எழுதியவர் அறிந்திருக்க வழியில்லாத தகவல் ஆதாரமின்றி வருகிறதா என்று கவனிக்க வேண்டும்.

நகல் அகப்பட்ட பின்னும் எது முந்தியது என்ற கேள்வி எஞ்சும். பக்கத்தின் மேலுள்ள தேதியை மாற்றிவிட முடியும். 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்து வரும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பார்த்தால், அந்தப் பக்கம் குறைந்தது எந்த நாளில் இருந்தது என்று தெரியும். அங்கே பதிவே இல்லையென்றால் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய இயலாது. நீர்நிலைக் கட்டுரையின் மூலப் பக்கம் அங்கே பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகியிருந்தது. அந்த இணைப்பையும் ‘கினற்றின்’ என்ற சொல்லையும் மட்டும் எழுதியவருக்கு அனுப்பினேன். மறுநாளே அவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.